மடி உதறும் வாசல்

என் வேலை வாசலில் நிற்பது.

போடியில் ஏலக்காய் குடோன்கள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு குடோன். உள்ளே இருபத்திரண்டு பெண்கள் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து சொளகில், அதாவது மூங்கில் முறத்தில், காய் பொறுக்குவார்கள். பச்சை தனி, வெளுத்தது தனி, வாய் பிளந்தது தனி. சாப்பாட்டுக்கோ, ஒதுங்கிவரவோ, சாயங்காலம் பஸ்சுக்கோ, எதற்காக எழுந்து வந்தாலும் என் முன்னால் நின்று சேலை மடியை விரித்து உதறிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். காய் சின்னது. கொசுவத்துக்குள் பத்துக் காய் போய் உட்கார்ந்துகொண்டால் கட்டியவளுக்கே தெரியாது. தெரிந்து உட்காருவதும் உண்டு. அவள் உதறுவாள். நான் பார்ப்பேன். தலையை ஆட்டுவேன். அவள் குனிந்து போவாள். குனிந்துதான் போக வேண்டும், ஏனென்றால் ஷட்டரைப் பாதி இறக்கியே வைத்திருப்போம். வெயில் பட்டால் காய் வெளுக்கும்.

ஒன்பது வருஷமாக இதுதான் சோலி. இடது கையைக் குறுக்கே நீட்டி ஒருத்தியை நிறுத்துவது, பார்ப்பது, கையை எடுப்பது. வீட்டில் கதவைத் திறக்கும்போதுகூடச் சில நாள் என் இடது கை தானாக நீளும்.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தி என் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். புருஷன் போன பிறகு என்னோடு வந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் பிழைப்புத் தேடித் திருப்பூர்ப் பக்கம் போனவர், போனவர்தான். ஆக ஒன்றரை அறை வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அக்கா முன்பு ஜீப்பில் மலைக்குப் போய்க் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்து வலது இடுப்பு போயிற்று. நடப்பாள். ஆனால் எழுந்திருப்பது ஒரு வேலை. முதலில் சுவரில் கை, பிறகு முட்டி, பிறகு ஒரு மூச்சு, பிறகுதான் ஆள். அதனால் குடோனில் கடைசி மூலையை அவளுக்குக் கொடுத்திருந்தேன். சாய்ந்துகொள்ளச் சுவர் இருந்தது. சுவரை ஒட்டி, தலைக்கு மேல் எட்டு அடுக்குக்கு மூட்டைகளை அட்டி போட்டு அடுக்கியிருந்தார்கள். அவளுக்கு நான் பார்த்துக் கொடுத்த நல்ல இடம் அது.

ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளி ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். சாப்பாட்டு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

லோடு ஏற்றிய லாரி தெருமுனையில் திரும்புகிற சத்தம் வந்தது. லாரி வரவில்லை. சத்தம் மட்டும் கால் வழியாக ஏறியது. சொளகுகளில் கிடந்த காய்கள் துள்ளத் தொடங்கின. யாரும் தொடவில்லை. அவை பாட்டுக்குத் துள்ளிக்கொண்டிருந்தன. மேலே தொங்கிய பல்பு ஒரு பக்கமாகப் போய், யோசித்து, மறுபக்கம் வந்தது.

“ஏய், பூமி ஆடுதுடி!” என்று யாரோ சொன்னார்கள்.

எல்லோரும் எழுந்தார்கள். வாசலுக்கு ஓடி வந்தார்கள். முதலில் வந்தவள் பக்கத்து ஊர்ச் சிலமலைக்காரி, வாயாடி, எதற்கும் நிற்காதவள். அவள் என் முன்னால் வந்து நின்றாள். மடியை விரித்தாள். உதறினாள். நான் பார்த்தேன். தலையை ஆட்டினேன். அவள் குனிந்து வெளியே போனாள். அடுத்தவள் வந்தாள். உதறினாள். பார்த்தேன். அதற்கடுத்தவள். என் இடது கை நீண்டிருந்தது. தரை ஆடிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் தள்ளவில்லை. வரிசை ஒழுங்காக இருந்தது. ஒவ்வொரு மடியாக விரிந்து, படபடவென்று அடித்து, மூடியது. மழைக்கு முன்னால் புறாக்கள் எழும்புகிற மாதிரிச் சத்தம். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. பயம் என்று ஒன்று வந்திருந்தால் எங்கே வந்தது என்று தெரியவில்லை. என் கண் கொசுவங்களில் இருந்தது.

மூலையில் மேல் அடுக்கிலிருந்து இரண்டு மூட்டைகள் சரிந்து விழுந்தன. அக்கா அப்போதுதான் சுவரை விட்டு நாலு எட்டு வந்திருந்தாள். அவள் சொளகு மூட்டைக்கு அடியில் போயிற்று. அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வரிசையில் கடைசியாக வந்து நின்றாள். அவளுக்கு முன்னால் எட்டுப் பேர். எட்டுப் பேரும் உதறி முடிக்கும் வரை நின்றாள். பிறகு என் முன்னால் வந்து மடியை விரித்து உதறினாள்.

நான் மடியைப் பார்த்தேன். தலையை ஆட்டினேன்.

அவளால் ஷட்டருக்குக் கீழே குனிய முடியாது. உட்கார்ந்து, கைகளை ஊன்றி, தேய்த்துத் தேய்த்து வெளியே போனாள். தெருவுக்குப் போனபோது ஆட்டம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

தெருவே கூடியிருந்தது. குடோன்காரர்கள், லோடுமேன்கள், டீக்கடைக்காரர், பாதிச் சவரத்தோடு ஒருவர். எங்கள் பெண்கள் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

“பூமாதேவியும் இன்னைக்கு மடிய உதறிட்டா பாத்துக்க,” என்றாள் சிலமலைக்காரி. என் பக்கம் திரும்பி, “மதினி, அவ மடியப் பாத்தியா? எத்தன காய் இருந்துச்சு?”

அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன் என்று நினைக்கிறேன். அக்கா இல்லை. அவள் தனியாக வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். வலது கால் ஒவ்வொரு எட்டுக்கும் கொஞ்சம் பின்தங்கி வந்தது.

மறுநாள் விடியுமுன் அடுப்படியில் சத்தம். அக்கா தூக்குச் சட்டியில் பழைய சோறு போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள். மலைக்குப் போகிறவர்கள் கட்டுகிற கட்டு.

“எங்கக்கா?”

“மலைக்கு.”

“இந்த இடுப்ப வச்சுக்கிட்டா?”

“அங்க தலைக்கு மேல ஒண்ணும் இல்ல. மரந்தான்.”

“மொதலாளிட்ட சொல்லி எடத்த மாத்தித் தர்றேன். வாசப் பக்கமாவே ஒக்காரு.”

மூடியை அழுத்தி மூடினாள். “வாசல்ல நீ நிக்கிற எடத்துல நான் உள்ள ஒக்கார மாட்டேன்,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே, அப்படிச் சொன்னாள்.

சாயங்காலம் ஜீப்புகள் இறங்கின. அவள் இறங்கவில்லை. டிரைவர் என்னைப் பார்த்ததும் ஹாரனை ஒருதரம் அமுக்கிவிட்டுத் தலையை நீட்டினார்.

“தங்கச்சி, அக்கா மேலயே தோட்டத்தாளுக லயத்துல தங்கிக்கிருச்சு. பழைய கூட்டுக்காரி வீட்ல. தெனம் ஏறி எறங்குனா இடுப்பு தாங்காதாம்.”

“லயத்துக்கும் கூரை இருக்கேண்ணே.”

“நானும் கேட்டேன். தகரந்தானே, விழுந்தா கூப்புட்டுட்டு விழும்னு சொல்லுது. அதுகூட யாரு பேசுறது?”

அந்தச் சரிவுகளில் குளிர் இடுப்பில்தான் முதலில் உட்காரும். காய் எடுக்கிற வேலையோ ஈரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்கிற வேலை. மருத்துவர் அவளிடம் இன்னொரு தடவை விழுந்தால் நடை கிடையாது என்று சொல்லியிருந்தார். நானும் பக்கத்தில் இருந்து கேட்டிருந்தேன். அவளைக் கீழே கொண்டுவர வேண்டும். என் தலைக்குள் அது ஒன்றுதான் இருந்தது, அதுவும் கனமில்லாமல், ஒரு சீட்டைப் போல இருந்தது. செய்ய வேண்டியவைகளின் சீட்டு.

வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். செல்போன் வீடியோவில் யாரோ ஒருவர் நிலநடுக்கத்துக்கு வீட்டை எப்படித் தயார் செய்வது என்று காட்டினார். அவர் வீடு பெரியது. எங்கள் வீட்டுக்கு ஆகிறதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பரணில் இருந்த பித்தளை அண்டா, இரும்புப் பெட்டி, அம்மா காலத்து ஜாடிகள், எல்லாவற்றையும் இறக்கித் தரையில் வைத்தேன். பரண் காலியானதும் வீடு, சொன்னதையே திருப்பிக் கேட்கும் காது கேளாத ஆள் மாதிரி ஆகிவிட்டது. அக்கா படுக்கிற இடத்துக்குத் தலைமாட்டில் பீரோ. இத்தனை வருஷம் அதன் கீழேதான் படுத்திருக்கிறாள். அதை எதிர்ச் சுவருக்கு நகர்த்தி, இரும்புப் பட்டை வைத்து முடுக்கச் சொல்லி ஆசாரியைக் கூப்பிட்டேன்.

“பீரோ எங்கம்மா ஓடிப்போகப் போகுது, கட்டிப் போடச் சொல்றீங்க?” என்றார் அவர்.

“ஆடுனா விழும்ல.”

“ஆடுனா செவரே விழும். செவத்த எதுல கட்டுறது?”

பட்டையை எடுத்து நீட்டினேன். “நீங்க முடுக்குங்க,” என்றேன். முடுக்கினார். மழைக்காலத்தில் உப்பிப் பிடித்துக்கொள்ளும் கதவையும் சீவச் சொன்னேன். சீவல்கள் சுருள் சுருளாக விழுந்தன. கதவு இப்போது ஒரு விரலுக்குத் திறந்தது. காஸ் சிலிண்டரைச் சங்கிலி போட்டுச் சுவரில் மாட்டினேன். தலையணைக்குப் பக்கத்தில் செருப்பும் டார்ச்சும் வைத்தேன், கண்ணாடி உடைந்து கிடந்தால் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று அந்த ஆள் சொல்லியிருந்தார். இரண்டு ஜோடி, இரண்டு டார்ச்சு. ஒரு பாயில் ஆள் இல்லை. செருப்பு மட்டும் இருந்தது.

வீட்டில் மேசை கிடையாது. பழைய சாமான் கடைக்குப் போய் ஒன்று பார்த்தேன்.

“சாப்புடவா, பிள்ளைக படிக்கவா?” என்று கடைக்காரர் கேட்டார்.

“அடியில ஒக்கார.”

ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கனமான ஒன்றைக் காட்டினார். கடையிலேயே அதன் அடியில் நுழைந்து உட்கார்ந்து பார்த்தேன். நான் நுழைந்தேன். பிறகு வெளியே வந்து, அக்கா மாதிரி, வலது காலை மடக்காமல் நுழையப் பார்த்தேன். முடியவில்லை. மேசையை வாங்காமல் வந்தேன். வீட்டுக்கு வந்து அவள் பாயில் படுத்து, அவள் எழுகிற மாதிரி எழுந்து, சுவரில் கை, முட்டி, ஒரு மூச்சு, அவள் காலை இழுக்கிற மாதிரி இழுத்து வாசல் வரை நடந்தேன். முப்பத்தொன்று எண்ணினேன். பாயை வாசலுக்குப் பக்கமாக, பரணோ ஜன்னலோ இல்லாத சுவரோரம் மாற்றிப் போட்டேன். பன்னிரண்டு. உட்கார்ந்த இடத்திலேயே தலையை மறைத்துக்கொண்டாலும் மேலே விழ ஒன்றுமில்லை. அன்று அவளைப் போல அத்தனை தடவை எழுந்து நடந்ததில் என் இடுப்பும் வலித்தது. அது பரவாயில்லை போல இருந்தது.

குடோனில் முதலாளியிடம் பேசினேன். பின்பக்கச் சந்தில் ஒரு கதவு உண்டு. பல வருஷமாக அதை மூட்டைகள் மறைத்துக் கிடக்கின்றன.

“அத ஒழிக்கணும் மொதலாளி. அட்டிய ஆளு ஒசரத்துக்கு மேல போட வேணாம். பொறுக்குற பக்கம் அட்டியே வேணாம்.”

“ஏம்மா, சீசன் வருது. எறக்குன மூட்டைய என் தலையிலயா வைக்கிறது?”

“ஷட்டரையும் மேல தூக்கிரணும்.”

“வெயில்?”

“படுதா கட்டலாம்.”

அவர் பேனாவை மூடினார்.  “அன்னைக்கு நாங்க சஜ்தாவுல இருந்தோம்,” என்றார். “நெத்தி தரையில இருக்கு. தரை மெல்ல நகருது. எனக்குத்தான் பிரஷர் ஏறிருச்சுன்னு நெனச்சேன். எந்திரிச்சுப் பாத்தா எல்லார் மூஞ்சியும் அப்படி இருக்கு. ஒருத்தரும் ஓடல. ஓடலங்கறது ஈமான் குடுத்த தைரியமா, கால் வரலையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.” பிறகு லோடுமேன்களைக் கூப்பிட்டார். “பின்வாசல ஒழிச்சு, அட்டிய எறக்கி, ஷட்டரத் தூக்கி விடுங்கப்பா.”

அடுத்த வாரம் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவரை முதலாளியே அழைத்து வந்தார். இளவயது ஆள். பெண்கள் கூட்டத்தைப் பார்த்ததும் குரலைச் சரிசெய்துகொண்டார்.

“ஆடும்போது ஓடாதீங்க. ஓடுறப்பத்தான் மேல விழும். மூட்டைய விட்டு வெலகி, ஒக்காந்து, தலைய மறைச்சுக்கங்க. நின்னதுக்கப்புறம் எந்திரிச்சுப் போங்க. தள்ளாதீங்க.”

“தலைய எத வச்சு சார் மறைக்க? சொளகக் கவுத்துக்கிட்டாப் போதுமா?” என்றாள் சிலமலைக்காரி.

“அதுவும் நல்லதுதான்மா. வெறுங்கைக்கு அது மேல்.”

“அப்ப அதுல இருக்குற காய?”

“கொட்டிருங்க.”

“கொட்டவா! மொதலாளி, கேட்டீகளா? கெவருமெண்டே கொட்டச் சொல்லுது!”

விசில் ஊதினார். இருபத்தொரு சொளகுகள் கவிழ்ந்தன. பச்சையும் வெளுத்ததும் பிளந்ததும் ஒன்றாகத் தரையில் சிதறின. அந்த வாசனை ஒரே மூச்சில் எழுந்து வந்து கண்ணைக் கரித்தது. மறுவிசிலுக்கு எல்லோரும் எழுந்தார்கள். அமைதியாக நடந்தார்கள். வாசலுக்கு வந்தார்கள். முதலில் வந்தவள் நின்றாள். மடியை விரித்து உதறினாள்.

“என்ன பண்றீங்க?” என்று அவர் கேட்டார்.

 அடுத்தவளும் உதறினாள். முதலாளி தரையைப் பார்த்தார். என் இடது கை நீண்டிருந்தது. அதை நானே வலது கையால் பிடித்து இறக்கினேன்.

ராசிங்காபுரத்திலிருந்து வரும் ஒருத்தி, அதிகம் பேசாதவள், அவள்தான் சொன்னாள். “சார், இன்னைக்கு உதறாமப் போயிருவோம். உசுரு மிஞ்சிரும். நாளைக்குக் காய் கொறஞ்சா யாரு தலையில விழும்? அதுக்கும் சொளகா கவுக்க முடியும்?”

முதலாளி நிமிர்ந்தார். “விசில் ஊதுனா உதற வேணாம். கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போகுது. நான் கேக்க மாட்டேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன்.”

இரண்டாம் தடவை ஊதியபோது மூன்று பேர் மட்டும் உதறினார்கள். “மனசு கேட்டுருச்சு மதினி, கைதான் கேக்கல,” என்றாள் அதில் ஒருத்தி. சிரித்தாள். பிறகு கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் மலைக்குப் போனேன். ஏற்றம் முடிகிற மெட்டைத் தாண்டியதும் மேகம் ஜீப்புக்குள் வந்து எங்களோடு உட்கார்ந்தது. இறங்கி, ஈரச் சரிவில் கால் வைத்து வைத்து நடந்தேன். ஏலச்செடிகள் ஆளை மறைக்கும் உயரம். காய்களோ அடியில், மண்ணை ஒட்டிச் சரம் சரமாகக் கிடக்கும். அதனால் தோட்டத்துக்குள் பார்த்தால் மனிதர்கள் இல்லாதது போலவே இருக்கும். தூரின் அடியில் இருந்துதான் பேச்சுக் கேட்கும்.

அக்கா ஒரு பாலித்தீன் சாக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

“வந்துட்டியா? செருப்பு போடாம வந்துருக்கே. அட்டை ஏறும்.”

பக்கத்தில் குத்துக்காலிட்டேன். சொன்னேன். பரணை ஒழித்ததை, பீரோவைக் கட்டியதை, கதவைச் சீவியதை, பாயை மாற்றியதை, பன்னிரண்டு எண்ணியதை. குடோனில் மூட்டையை இறக்கியதை, பின்வாசலை, ஷட்டரை, விசிலை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி எல்லாம் வரிசையாக வந்தது. அவள் ஒரு தூர் முடித்து அடுத்த தூருக்கு உட்கார்ந்தவாறே நகர்ந்தாள். வலது காலைக் கையால் தூக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், கூட வந்த இன்னொரு சாமானைப் போல. நானும் நகர்ந்தேன்.

“பீரோவக் கட்டிட்ட,” என்றாள்.

“ஆமாக்கா.”

“மூட்டைய எறக்கிட்ட. கதவச் சீவிட்ட.”

“ஆமா.”

“நீ என்ன செய்வ?”

நான் யோசித்தேன். உண்மையிலேயே யோசித்தேன். மறுபடி தரை ஆடுகிறது, அவள் மூலையிலிருந்து வருகிறாள், நான் வாசலில் நிற்கிறேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர் இருந்தது.

“தெரியலக்கா.”

“எட்டுப் பேரு முன்னாடி நின்னாளுக. நான் எண்ணுனேன். அக்கா மொதல்ல போகட்டும்னு ஒரு வார்த்த நீ சொல்லல.”

“சொல்லல.”

“சொல்லிருந்தா வழி விட்டிருப்பாளுக.”

“விட்டிருப்பாக.”

மேலே பாதையிலிருந்து மலையாளத்துக்காரச் சூப்பர்வைசர், பேச்சை விட்டு வேலையைப் பார்க்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். “சேச்சி, வர்த்தமானம் மதி. பணி நடக்கட்டே.”

“நடக்குது, நடக்குது!” என்று அவரைப் பார்க்காமலே கத்தினாள். பிறகு தாழ்ந்த குரலில், “அந்த எடத்துல நான் நின்னுருந்தா நானும் மடியத்தான் பாத்துருப்பேனோ என்னமோ. அதுவும் தெரியல. அதத்தான் இங்க ஒக்காந்து தெனமும் நெனைக்கிறேன்,” என்றாள். காம்பு கிள்ளிய விரல் நகங்கள் கறுத்திருந்தன. “நான் வாசல்ல நிக்கிறேன். நீ என் மூலையில ஒக்காரு. அப்படின்னா வர்றேன்.”

“ஒன்னால நாள் முழுக்க நிக்க முடியாதேக்கா.”

“ஒரு ஸ்டூலு கொண்டா. மடியப் பாக்குறதுக்கு எதுக்குடி நிக்கணும்?”

முதலாளி மறுக்கவில்லை. “யாரு இருந்தா என்ன? கண்ணு நல்லாருந்தாச் சரி,” என்றார்.

அப்படித்தான் நான் மூலைக்குப் போனேன். ஒன்பது வருஷம் வாசலில் நின்றவள் அங்கிருந்து வாசலைப் பார்த்ததே இல்லை. பொறுக்குகிறவர்களின் முதுகுகளுக்கு அப்பால், வெகு தூரத்தில், ஒரு வெளிச்சம். அதில் ஸ்டூலில் ஒரு கறுப்பு உருவம். அக்காதான் என்று தெரிந்ததால் அக்கா. மற்றபடி முகம் கிடையாது. தரை அங்கே போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடும் போல நீண்டு கிடந்தது. நான் சொளகைத் தட்டினேன். பச்சை, வெளுத்தது, பிளந்தது. முதல் நாள் என் கண் தப்பித் தப்பிப் போயிற்று. பக்கத்தில் இருந்தவள் என் குவியலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மதினி, இது பச்சையா? எங்க மாமியா கண்ணுக்குக் கண்ணாடி போட்டும் இப்படித்தான் பாக்கும்,” என்றாள்.

வீட்டில் அவள் அந்தப் புதிய இடத்தில் படுத்தாள். பீரோவை ஒருதரம் அசைத்துப் பார்த்தாள்.  நாங்கள் பேசிக்கொண்டோம், அரிசி பற்றி, தண்ணீர் வருகிற நேரம் பற்றி. பேச வேண்டியதைப் பேசியாயிற்று என்பது போலவும் இருந்தது, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்பது போலவும் இருந்தது.

மாதம் ஒருமுறை விசில் ஊதிப் பார்ப்பது என்று முதலாளி முடிவு செய்திருந்தார். எந்த நாள் என்று சொல்ல மாட்டார். ஊதினால், வெளியே வந்தவர்களை அக்கா தெருவில் நிறுத்தி எண்ண வேண்டும். ஒரு முற்பகலில் ஊதினார். சொளகுகள் கவிழ்ந்தன. நானும் கவிழ்த்தேன். மூங்கில் பின்னலின் இடுக்குகள் வழியாகத் தரை தெரிந்தது. தரை ஆடவில்லை.  இரண்டாம் விசில். எழுந்தோம்.

என் பக்கத்தில் இருந்த மூவரும் பழக்கத்தில் முன்வாசலுக்கே நடந்தார்கள். என் முதுகுக்குப் பின்னால், நாலு எட்டில், பின்வாசல் திறந்து கிடந்தது. அதை ஒழிக்கச் சொன்னவள் நான்தான். கால்கள் திரும்பின. போனேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரையும் பார்க்கவில்லை. சந்துக்கு வந்து நின்ற பிறகுதான் வெளியே வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. வெயில் இருந்தது. சாக்கடை ஓரத்தில் ஒரு வெள்ளாடு போஸ்டர் தின்றுகொண்டிருந்தது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. நீ என்ன செய்வாய் என்று அக்கா கேட்டாளே, இதைச் செய்வேன். முதல் ஆளாக வெளியே வருவேன். அது ஒரு செய்தியாக மட்டும் இருந்தது, யாரோ யாரைப் பற்றியோ சொன்னது போல.

பின்வாசலால் வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு முன்தெருவுக்கு வந்து எண்ணிக்கையில் நிற்க வேண்டும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

முன்பக்கத்தில் அக்கா எண்ணுகிற சத்தம் குடோனைத் தாண்டி வந்தது. தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிறாள் போல, நின்று நின்று கேட்டது. இருபது. இருபத்தொண்ணு. பிறகு சத்தமில்லை. மறுபடி முதலிலிருந்து. மறுபடி இருபத்தொண்ணு.

“ஒண்ணு கொறையுது.”

“பாத்ரூம் போயிருப்பா,” என்று யாரோ சொன்னார்கள்.

“எங்க போறீக? உள்ள போகக் கூடாது. ஏம்மா, நில்லும்மா!” இது முதலாளி.

பிறகு குடோனுக்குள் நடை கேட்டது. ஒரு கால் தட்டும், மறு கால் தேயும். வெறும் தரையில், சிதறிய காய்கள் மேல், அது நொறுங்கி நொறுங்கி வந்தது. அவ்வளவு வெரசாக அவள் நடந்து நான் கேட்டதில்லை.

“ஏடி! எங்கடி கெடக்க? ஏய்!”

மூலைப் பக்கம் வந்துவிட்டாள். கவிழ்ந்து கிடந்த சொளகுகளைத் தூக்கித் தூக்கிப் போடுகிற சத்தம். ஒரு சொளகுக்கு அடியில் ஒரு மனுஷி இருக்க முடியும் என்பது போல ஒவ்வொன்றாகத் தூக்கினாள். நாலு எட்டுத் தூரத்தில் வெயிலில் நான் நின்றேன்.   

“வெளியதான்க்கா இருக்கேன்,” என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

உள்ளே சொளகுகள் விழுந்துகொண்டே இருந்தன. நான் படியேறி உள்ளே போனேன். வெயிலிலிருந்து வந்ததால் முதலில் இருட்டுத்தான் தெரிந்தது. பிறகு, தரையில் ஒரு கையை ஊன்றி, மறு கையில் என் சொளகைப் பிடித்தபடி அவள் தெரிந்தாள். மலையிலிருந்து வந்த பிறகும் விடாமல் கட்டிக்கொண்டிருந்த தலைத்துண்டு அவிழ்ந்து தோளில் கிடந்தது. மூச்சு வாங்கியது. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மடியைப் பார்க்கவில்லை. எழுந்திருக்கக் கை நீட்டினாள். பிடித்தேன். அவள் எடை முழுவதும் என் கையில் இறங்கியது. ஒரு மூச்சு. பிறகு நின்றாள். நின்ற பிறகும் கையை விடாமல், அதே கையால் என்னை ஒரு தள்ளுத் தள்ளினாள்.

“வெளிய போனவளுக்கு உள்ள என்னடி சோலி?”